கோடு சேர்ந்ததா, நகர்ந்ததா

ஜனவரி 21, செவ்வாய்

மன்னித்துக்கொள் நோட்டே, இந்த நேரத்துக்கு உன்னைத் திறக்கிறேன். பகலில் எனக்கென்று ஒரு கைகூட மிச்சமில்லை. ஒன்றில் பாப்பா, இன்னொன்றில் லேப்டாப். இப்போதுதான் இரண்டையும் படுக்கப் போட்டேன்.

இளவழகன் சார் பெரிய மனது பண்ணி, பாப்பாவுக்கு ஒரு வயது ஆகும்வரை திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். விழுப்புரம் ஆபீஸுக்கு அலைய வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. "நீ வீட்ல இன்னா பண்றே, இங்க இவனுங்க இன்னா பண்றானுங்கன்னு டெய்லி சாயங்காலம் என் போன்ல தெரியணும் செல்வி. அந்தக் கறுப்பு ஸ்க்ரீனெல்லாம் தொறந்து பாக்க எனக்கு ஆவாது."

நாங்கள் செய்வது சின்னக் கிளினிக்குகளுக்கான புரோகிராம். குழந்தையின் பெயர், எடை, மருந்து அளவு போட்டுச் சீட்டு அச்சடித்துத் தரும். நான், பிரேம்குமார், இன்னும் இரண்டு பையன்கள் — நான்கு பேரும் அதில்தான் கை வைக்கிறோம். ஆளுக்கொரு பிராஞ்ச், அதாவது தனிப் பிரதி, பிரித்துக்கொண்டு வேலை செய்வோம். செய்ததை அவ்வப்போது கமிட் என்று பதிந்து வைப்போம். இன்னொருவர் சரிபார்த்த பிறகு மெயின் என்கிற பொதுப் பிரதியில் சேர்ப்போம். கிளினிக்குகளுக்கு வெளியீடாகப் போவது அந்த மெயின்தான். யார் எங்கே பிரிந்தார், எங்கே சேர்ந்தார் என்ற வரலாற்றைப் படமாகப் பார்க்கலாம். படம் என்றாலும் எல்லாம் வெறும் எழுத்துத்தான். கமிட்டுக்கு ஒரு நட்சத்திரம், பிராஞ்சுக்கு ஒரு நெட்டுக்கோடு, பிரிவதற்கும் சேர்வதற்கும் சாய்கோடு. கம்ப்யூட்டரே வரைந்து தரும், ஆனால் அதன் அகலம் போனுக்கு ஆகாது. அதனால் போனுக்கென்று நானே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று முதல் படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டேன். நட்சத்திரங்களை வாட்ஸாப் விழுங்கிவிட்டு எழுத்தைத் தடிமனாக்கிவிட்டது. கோடுகள் ஆளுக்கொரு பக்கம். சார் கேட்டார்: "இன்னாம்மா இது, மழையில நனைஞ்ச கோலமா?"

இதுகூட வரவில்லை என்றால் வீட்டிலிருந்து வேலை எத்தனை நாளைக்கு?

ஜனவரி 22

நட்சத்திரம் திரும்பி வந்துவிட்டது. முன்னும் பின்னும் மூன்று குறி வைத்தால் வாட்ஸாப் உள்ளே கை வைப்பதில்லை. பாப்பா இரண்டு முறை பால் கக்கினாள். ஏன்?

ஜனவரி 24, வெள்ளி

கோடுகள் இன்னும் போனுக்கு வெளியே ஓடுகின்றன. இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டு வேலை செய்தேன். ஒன்று, நடுவில் ஒரு பிராஞ்ச் முடிந்துவிட்டால், வலப்பக்கக் கோடு ஒரு படி இடப்பக்கம் நகர்ந்து காலி இடத்தில் உட்காரும். இரண்டு, புதிதாக எதுவும் நடக்காத கோட்டை அதற்குக் கீழே வரைவதில்லை. பழையது மேலே, புதியது கீழே, வாட்ஸாப் ஓடுகிற மாதிரியே.

அத்தை எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, தொடப்பக்குச்சிய ஒடிச்சிப் போட்டாப்ல?"

"இதுதான் அத்தை எனக்குச் சம்பளம் வாங்கித் தருது."

"அப்பிடியா. நல்லா ஒடி."

சார் சந்தோஷமாகிவிட்டார். "நீ வீட்ல இருந்தாலும் ஆபீஸே என் உள்ளங்கைல இருக்குதும்மா" என்று போன் பண்ணிச் சொன்னார். பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். உட்கார முடியவில்லை. சந்தோஷம் வந்தாலும் இப்படித்தான் எனக்கு.

ஜனவரி 26, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பாப்பாவை எடை போட்டேன். ஆறு கிலோ நானூறு. போன ஞாயிறும் ஆறு நானூறுதான். கூடவே இல்லை. "தராசப் பாத்துக்கினே இருந்தா புள்ள கொழுக்குமா?" என்கிறார் அத்தை.

எடை என்றதும் ஞாபகம். வியாழனன்று நம் புரோகிராமில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். நர்ஸ் எடைக் கட்டத்தைக் காலியாக விட்டால், அது முன்னால் வந்துபோன குழந்தையின் எடையையே எடுத்துக்கொள்கிறது! அந்த எடைக்குத்தான் மருந்தும் கணக்காகிறது. 'எடை' என்று ஒரு பிராஞ்ச் போட்டு அன்றே சரிசெய்துவிட்டேன். காலியாக விட்டால் இனிச் சீட்டே வராது. பிரேம்குமார் பார்த்துவிட்டு மெயினில் சேர்க்க வேண்டும். அவன் தங்கைக்கு வருகிற ஞாயிறு மயிலத்தில் கல்யாணம். "பாத்துடறேங்க்கா, பத்திரிகை வெக்கப் போய்க்கினு இருக்கேன்" என்றான்.

ஜனவரி 28, செவ்வாய்

சேர்ந்துவிட்டது! சாயங்காலப் படத்தில் இப்படி வந்தது:

| * |  பில்
| | *  எடை
|//
*      வெளியீடு

பிரேமின் 'பில்' கோடும் என் 'எடை' கோடும் ஒன்றாக மெயினில் போய் இறங்கியிருக்கின்றன. சார் கட்டைவிரல் போட்டார். ராத்திரியே எல்லாக் கிளினிக்குக்கும் புது வெளியீடு போய்விட்டது. நம் ஊர் டாக்டர் கிளினிக்குக்கும்தான். இன்று தூங்குவேன்.

ஜனவரி 31, வெள்ளி

தூக்கமாவது ஒன்றாவது.

பாப்பாவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். அத்தையும் நானும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸ் செந்தாமரை தராசில் போட்டதும் பாப்பா வீறிட்டாள், முள் நிற்கவே இல்லை. "சரி தூக்கிக்கோங்க, டாக்டரு பாக்கட்டும்" என்று கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். உள்ளே டாக்டர் பார்த்தார், பயமில்லை, சளிக் காய்ச்சல்தான் என்றார். வெளியே வந்து சீட்டை வாங்கினேன்.

எடை: 11.2.

எனக்கு முன்னால் போனது ஓடியாடுகிற இரண்டு வயதுப் பையன். அவன் அம்மா இன்னும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில்தான் நின்றாள்.

"சிஸ்டர், எடை தப்பா இருக்கு."

"சிஸ்டம் போட்டதும்மா. நானா போடறேன்?"

"நீங்க கட்டத்த காலியா விட்டீங்களா?"

"உம் புள்ள நிக்கலியே. நான் இன்னா பண்றது?"

மருந்தளவு தரவேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டாக்டரிடம் திரும்பவும் போய்க் காட்டினேன். அவர் சீட்டில் குறுக்கே கோடு இழுத்துக் கையால் எழுதிக் கொடுத்தார். நர்ஸ் என்னை முறைத்தாள்.

நான் பார்த்தேன். எடை ஞாயிறுதோறும் பார்ப்பதால் பார்த்தேன். பார்க்காத அம்மாக்கள்?

ஆனால் அதுதான் சேர்ந்துவிட்டதே. படத்தில் சேர்ந்ததே. இந்தக் கிளினிக்கில் மட்டும் புது வெளியீடு ஏறவில்லையோ?

பிப்ரவரி 1, சனி

சேரல.

காலைல பாப்பா தூங்கின நேரத்துல கறுப்பு ஸ்க்ரீனத் தொறந்து கம்ப்யூட்டரையே நேரா கேட்டேன் — இந்தக் கமிட் எந்தெந்த பிராஞ்சுல இருக்குது? 'எடை'. அவ்வளவுதான். மெயின்ல இல்ல. வெளியீட்டுல இல்ல. என் கோடு சேரவே இல்ல, வெறுமனே நகந்துச்சு.

பில் முடிஞ்சதும் நடு எடம் காலி. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே எடை ஒரு படி இடப்பக்கம் தள்ளி உக்காந்திருக்கு. நகர்றதுக்கும் சாய்கோடு, சேர்றதுக்கும் சாய்கோடு. அதுக்கப்புறம் எடைல புதுசா ஒண்ணும் நடக்கல, அதனால கீழ கோடே வரையல. பாக்கிறவங்களுக்கு ரெண்டும் சேந்தாப்லதான் தெரியும். எனக்கே தெரிஞ்சுதே. வரைஞ்சவளும் நான், நம்பினவளும் நான்.

சாருக்குப் போன் பண்ணேன், எடுக்கல. பிரேமுக்குச் சுவிட்ச் ஆஃப். குழுவில் எழுதினேன், யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பிரேம் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். கல்யாண வீட்டில் யார் பார்ப்பார்கள்?

கிளினிக் எண் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, நம் ஊர் கிளினிக். அழைத்தேன். செந்தாமரைதான் எடுத்தாள்.

"சிஸ்டர், எடைக் கட்டத்த காலியா விடாதீங்க. விட்டா முன்னால வந்த புள்ள எடை வருது."

"யாரு பேசறது?"

"நேத்து வந்தனே. ஆறு மாசக் கொழந்தை."

"ஓ, நீயா. எங்களுக்கே பாடம் எடுக்கிறியா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "சரி, நான் பாத்துக்கறேன். மெய்யாலுமே அப்டி வருதா?"

மற்ற கிளினிக்குகளின் எண் சாரிடம் மட்டும்தான். பாதிக் கிளினிக்குகள் ஞாயிறு காலையும் திறந்திருக்கும். திங்களன்று சார் இன்னும் நான்கு கிளினிக்கில் இந்தப் புரோகிராமைப் புதிதாகப் போடப் போகிறார்.

பாப்பாவின் அப்பா ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஷிப்ட் முடிந்து பேசினார். எல்லாம் சொன்னேன். "நீ மெசேஜ் போட்டாச்சில்ல? விடு. திங்கக்கிழமை பேசிக்கலாம். இப்ப கல்யாணத்துல போயி நின்னா உன் தலையிலதான் விழும் செல்வி. வீட்ல புள்ளைய வெச்சிக்கினு வேலை பாத்தா இப்டித்தான்னு சொல்லுவாங்க. அப்றம் தெனம் விழுப்புரம்தான்."

நியாயம்தான். அவர் எனக்காகத்தான் சொல்கிறார்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். 11.2, 11.2.

பிப்ரவரி 2, ஞாயிறு

முதல் பூசை முடிந்து கோயில் வாசலிலேயே அத்தையிடம் சொன்னேன். மயிலம் போக வேண்டும்.

"கல்யாணத்துக்கா?"

"இல்ல அத்தை. கல்யாணத்துல இருக்கிறவங்களப் பாக்க."

"நல்லது நடக்கிற எடத்துல போயி ஆபீஸ் பேஜாரப் பேசப் போறியா? சோறு போடுவாங்களா, கழுத்தப் புடிச்சித் தள்ளுவாங்களா?"

"தெரியல."

பாப்பாவை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார். "லேப்டாப்ப எடுத்துக்கினு வா. இவள நான் தூக்கிக்கினு வர்றேன். ஜல்தி."

கூட்டேரிப்பட்டு வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எப்படி ஆரம்பித்தாலும் "என் படம் தப்பு" என்றுதான் முடிந்தது.

மண்டபத்தில் தாலி கட்டியாகிவிட்டது. பந்தியில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியோடு பிரேம் நின்றான். "செல்வி அக்கா! கைக்கொழந்தையோட இவ்ளோ தூரமா! வாங்க, மொதல்ல சாப்புடுங்க."

"பிரேம், எடை பிராஞ்ச நீ மெயின்ல சேத்தியா?"

அவன் முகம் விழுந்தது. "இன்னாக்கா, பொண்ணு மாப்ளையக் கேப்பீங்கன்னு பாத்தா..."

"சேத்தியா, இல்லியா?"

"நான் தொறந்தே பாக்கலக்கா. செவ்வாக்கெழம படத்துல சேந்து இருந்துச்சே. சார் வேற யாரையோ விட்டுச் சேத்துட்டாருன்னு இருந்துட்டேன்."

சார் இரண்டு இலை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார், கையில் வடை. "நான் யார விட்டுச் சேத்தேன்? நீ சேத்துட்டேன்னுதானடா நான் கட்டைவெரல் போட்டேன்."

"உங்க கட்டைவெரலப் பாத்துட்டுதான் சார், நீங்க சரிபாத்துட்டீங்கன்னு நான்..."

"நான் படத்தப் பாத்தேன்டா. கட்டைவெரலுன்னா பாத்தேன்னு அர்த்தம். வேற இன்னா தெரியும் எனக்கு?"

மேசைமேல் விரித்திருந்த காகிதத்தில் பேனாவால் வரைந்தேன். மூன்று நெட்டுக்கோடு, நட்சத்திரம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாய்கோடு. "சார், இது சேந்தது. இது சேரல, எடம்தான் மாறுச்சு. நான் ரெண்டையும் ஒரே மாதிரி வரைஞ்சிட்டேன். என் தப்பு."

"கைய எடும்மா, எலை போடணும்" என்று ஒருவர் வந்து என் படத்தின் மேலேயே இலையை விரித்துத் தண்ணீரும் தெளித்துவிட்டார்.

சார் சிரித்துவிட்டார். "சரிம்மா, சேரலன்னா சேரல. நாளைக்கு சேத்துக்கலாம். சாப்புடு மொதல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். பாப்பாவை மடியில் போட்டு அதே பந்தியில் எப்போதோ உட்கார்ந்திருந்தார். "ஏங்க, எம் பேத்தி பதினோரு கிலோன்னு சீட்டு குடுத்தது உங்க மிசினுதானா? இதோ இருக்கறா. தூக்கிப் பாருங்க."

சார் பாப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வடையை இலையில் வைத்தார். "எப்ப?"

"வெள்ளிக்கெழம சார். நான் பாத்துட்டேன். ஒண்ணும் ஆவல. ஆனா எல்லா கிளினிக்லயும் அதுதான் ஓடுது. இன்னிக்கும்."

கை கழுவாமலே எழுந்தார். மண்டபத்துக்கு வெளியே போய், எண் ஒவ்வொன்றாக அழைக்க ஆரம்பித்தார். மேளச் சத்தத்தில் அவர் கத்துவது உள்ளே வரை கேட்டது. "எடை! எடை! காலியா விடாதீங்க!"

பெண் வீட்டார் அறையில், பூக்கூடைகளுக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்தேன். பிரேம் மஞ்சள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நான் மாற்றியதை வரி வரியாகப் படித்தான். வாசலில் போட்டோக்காரர், "பொண்ணோட அண்ணன் எங்கப்பா?" என்று கத்திக்கொண்டே இருந்தார். "வர்றேன்யா, ஒரு நிமிசம் நிக்கச் சொல்லு!" காலி எடை, முழு எடை, தப்பு எடை, மூன்றையும் ஓட்டிப் பார்த்தோம். சேர்த்தான். இந்த முறை நான் படம் வரையவில்லை. நேராகக் கேட்டேன்: எந்தெந்த பிராஞ்சில் இருக்கிறது? எடை. மெயின்.

புறப்படும்போது சார் வாசலில் நின்றார். "படத்த வரையறது நீதானே செல்வி?"

"ஆமா சார்."

"ம்."

பஸ்ஸில் அத்தை தாம்பூலப் பையைத் திறந்து தேங்காயைத் தட்டிப் பார்த்தார். "சாம்பாரு நல்லா இருந்துச்சி" என்றார். அந்த 'ம்' என்னோடு திண்டிவனம் வரை வந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

எல்லாக் கிளினிக்கிலும் புது வெளியீடு ஏறிவிட்டது. எங்கேயும் யாருக்கும் எதுவும் ஆனதாகத் தகவல் இல்லை என்கிறார் சார். தகவல் இல்லை என்றால் ஆகவில்லை என்று அர்த்தமா? சரியாகிவிட்டது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தது செவ்வாய் ராத்திரியிலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை. எத்தனை குழந்தைகள் தராசில் நிற்காமல் அழுதிருக்கும்?

பிறகு அதையும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். "நீ ஓடி வந்து சொன்ன பாரு, அது பெருசு. ஆனா இனிமே படத்த நம்பி நான் எதையும் அனுப்ப மாட்டேன்மா. கேட்டா பதில் சொல்ற ஆளு எதுக்க இருக்கணும். அடுத்த வாரத்துலேர்ந்து வந்துடு."

சரி சார் என்றேன். வேறு என்ன சொல்ல?

பிப்ரவரி 5

பாப்பாவின் அப்பா "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது போனில் நன்றாகக் கேட்டது.

பாப்பா புட்டியில் குடிக்க மாட்டேன் என்கிறாள். பாலாடையில் கொடுத்தாலும் பாதி வெளியே. "நீ எதுக்க நின்னா எப்டிடி குடிப்பா? வெளிய போ" என்று அத்தை விரட்டினார். தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தேன். குடித்துவிட்டிருந்தாள். சந்தோஷமாக இல்லை. இது என்ன புத்தி?

"நான் பாக்க மாட்டனா? உம் புருசன யாரு வளத்தா, கவர்மெண்டா?" என்கிறார் அத்தை.

பிப்ரவரி 10, திங்கள்

காலை ரயில். தெருமுனை திரும்பும்வரை அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

மார்ச் 12, புதன்

இன்று பகலிலேயே எழுதுகிறேன். விழுப்புரம், சாப்பாட்டு நேரம். டப்பாவில் பாதி அப்படியே இருக்கிறது.

வாரத்தில் மூன்று நாள் இங்கே, மீதி வீட்டில் என்று போன வாரம் முடிவானது. நான் கேட்கவில்லை. பிரேம்தான் சாரிடம் பேசியிருக்கிறான்.

படத்தை நிறுத்திவிடலாம் என்றேன். சார் விடவில்லை. அதனால் மாற்றிவிட்டேன். சேருமிடத்தில் இப்போது ஒரு வட்டம். வட்டம் இல்லையென்றால் சேரவில்லை. நகர்கிற வேலையையே எடுத்துவிட்டேன். ஒவ்வொரு கோடும் தன் இடத்திலேயே நிற்கும், சேராத கோடு கீழே வரை வந்து நுனியில் ஒரு கேள்விக்குறியோடு முடியும். அகலம் போதவில்லை, சார் போனைப் படுக்கவைத்துப் பார்க்கிறார். அடியில் ஒரு வரி எழுதிவிடுகிறேன்: கட்டைவிரல் வேண்டாம், என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். நேற்று சார் எழுதினார்: "ரெண்டு சேந்துது. ஒண்ணு சேரல. கேள்விக்குறி யாருது?" அதைப் படித்துவிட்டு எதற்கோ கண் கலங்கிவிட்டது.

இன்று பாப்பாவுக்குத் தடுப்பூசி. அத்தைதான் கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருக்கிறார். பன்னிரண்டு மணிக்குக் கேட்டேன்: ஊசி போட்டாச்சா, எடை எவ்வளவு? போன மாதம்தான் வாட்ஸாப் பழக்கிவிட்டேன். பதில் வந்தது. ஒரு கட்டைவிரல்.

போட்டாச்சா? போகப் போகிறாரா? போனைத் தொடும்போது கை பட்டுவிட்டதா? அழைத்தால் எடுக்கவில்லை. இப்போது மறுபடி அனுப்பியிருக்கிறேன்:

அத்தை, கட்டைவிரல் வேணாம். சீட்டுல எடைன்னு போட்டிருக்கிற இடத்துல என்ன நம்பர் இருக்குதுன்னு பாத்து, பேசி அனுப்புங்க. இங்க உக்கார முடியல. சீக்கிரம் பதில் போடுங்க.